பூஜையில் வைத்த போன்

எங்கள் கம்பெனியில் கரண்ட் போய்த் திரும்பினால் லைனில் யாராவது ஒருவர் "வந்துட்டு!" என்று கத்துவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் "வந்துருச்சு" என்றுதான் சொல்லுவோம். "வந்துட்டு" திருநெல்வேலிக்காரர்கள் பேச்சு. அதைக் கொண்டுவந்து இங்கேயே விட்டுவிட்டுப் போனவர் சேம்பிள் செக்‌ஷனில் வேலை பார்த்த ஓர் அம்மா. பிறகு கணவருக்கு வேலை மாறி, குடும்பத்தோடு ஊர்ப்பக்கம் போய்விட்டார்.

வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனி. டீ-சர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அந்த அம்மா கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுவார். அவர் எடுத்துத் தரும் காகிதத்தைத் துணி அடுக்கின் மேல் விரித்து மிஷினால் வெட்டுவது என் வேலை. அவருக்கு என்னைவிட வயது கொஞ்சம் குறைவு. என்னை அண்ணாச்சி என்பார். நான் அம்மிணி என்பேன். அதற்கு மேல் பேச எனக்கு வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் தொண்டையில் பஞ்சு அடைத்தது போல ஆகிவிடும்.

அவர் அதற்கு நேர் எதிர். ஒரு சந்தோஷத்தை ஒரு நிமிடம்கூட அவரால் உள்ளே வைத்திருக்க முடியாது. அவருடைய சந்தோஷமெல்லாம் அந்தப் போனில் இருந்தது.

அந்தப் போன் சோப்பு டப்பா மாதிரி தடியாக இருக்கும். பின்மூடியை நகத்தாலேயே கழற்றலாம். பேட்டரியைக் கையால் எடுத்து மாட்டலாம். உள்ளே கடுகு அளவில் வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் இருக்கும். ஒன்று மைக்குக்கு, ஒன்று கேமராவுக்கு, இப்படி. அவற்றைத் தள்ளுவதற்கென்றே உடைந்த ஓவர்லாக் ஊசி ஒன்றை ஐடி கார்டு நாடாவில் குத்தி வைத்திருப்பார். மைக் ஸ்விட்சைத் தள்ளிவிட்டு எங்களிடம் காட்டுவார்.

"இனி இது செவிடு. என்னத்த வேணும்னாலும் பேசுங்க, ஒருத்தனுக்கும் போவாது. உங்க போன்ல இப்படி ஒரு ஸ்விட்சு உண்டா?"

எங்கள் போன்களில் இல்லை. அதற்குப் பதிலாக எங்கள் போன்களில் மற்ற எல்லாம் இருந்தன. என்னிடம் இருந்தது பட்டன் போன். அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாங்கித் திருப்பிப் பார்த்து, "இது பாவம், வாயில்லாப் பூச்சி" என்று கொடுத்துவிட்டார்.

அவர் போன் லினக்ஸ் என்ற ஒன்றில் ஓடுகிறது என்பார். அதை எழுதுகிறவர்கள் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லையாம். நாடு நாடாக அவரவர் வீட்டிலிருந்து எழுதுகிறார்களாம். எழுதியதை ஒளிக்காமல் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களாம். தெரிந்தவர் யாரும் திருத்தலாமாம். எனக்கு இவ்வளவுதான் புரிந்தது. இதையும் அவர் எங்கள் தொழிலை வைத்துச் சொன்னதால்தான் புரிந்தது.

எங்கள் தொழிலில் சேம்பிள் ஒரே தடவையில் தேறாது. தைத்து அனுப்புவோம். கழுத்து இறக்கம், கை நீளம் என்று வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர் குறைகளைக் கமெண்டாக எழுதித் திருப்புவார். திருத்தி மறுபடி அனுப்புவோம். நாலைந்து தடவை போய் வந்த பிறகுதான் கட்டிங்குக்கே வரும்.

"இந்தப் போனும் சேம்பிள்தான் அண்ணாச்சி" என்றார் அவர். "நான் கமெண்ட் போடுதேன், அவிய திருத்தி அனுப்புதாவ. ஒரே வித்தியாசம், இதுல நான்தான் பையர்!"

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து நின்றதைப் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் பையருக்குப் பயந்தே வேலை செய்கிற ஊரில், பையராக நின்ற ஒரே ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

போன் அவருக்குக் கொடுத்த கஷ்டத்துக்குக் கணக்கில்லை. கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அவரால் இருக்க முடியாது. எல்லாரும் டீக்கடையில் க்யூஆர் அட்டையைப் போனில் ஸ்கேன் செய்து பணம் கொடுக்கும்போது இவர் மட்டும் பர்ஸைக் கவிழ்த்துச் சில்லறை தேடுவார். கேமரா எதைப் பிடித்தாலும் பச்சையடித்துக் காட்டும். ஒரு தடவை நேவி புளூ டீ-சர்ட்டைப் படம் எடுத்தார். திரையில் கறிவேப்பிலை நிறத்தில் வந்தது. லைன் சூப்பர்வைசர் குமாரசாமி அதை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, சாயப் பட்டறைல மாத்திப் போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்களே?"

"சிரிங்க சிரிங்க. போன மாசம் கேமரா தொறக்கவே இல்ல. இந்த மாசம் பச்சையாட்டாவது வருதுல்லா? அடுத்த மாசம் பாருங்க."

அடுத்த மாதம் உண்மையாகவே நீலம் நீலமாக வந்தது. அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்தக் கத்தலைக் கேட்டேன். "வந்துட்டு! வந்துட்டு! அண்ணாச்சி, நீலம் வந்துட்டு!" செக்கிங் செக்‌ஷனில் இருந்து சரசக்கா, யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார். வந்தவருக்கு நீல டீ-சர்ட்டின் படத்தைக் காட்டினார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஆனால் போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனார்.

அந்த அம்மாவிடம் நான் பார்த்த அதிசயம் இதுதான். முழுதாக முடிந்த சாமானில் அவருக்கு ஒட்டுதல் வராது. முடியாமல் கிடப்பது, இன்னும் கொஞ்சத்தில் சரியாகிவிடும் என்று நிற்பது, அதுதான் அவருக்குப் பிடிக்கும். நல்ல போனே அமையாதா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"முன்னாடி நல்ல போனுதான் வச்சிருந்தேன்" என்றார். "ரெண்டு வருசத்துல, இது பழசு, இனி இதுக்கு ஒண்ணும் வராதுன்னுட்டான். கண்ணாடி உடையல, கீழ விழல. நல்லா இருக்குத மனுசன படுக்கையில போட்ட மாதிரி. அண்ணாச்சி, நான் வாங்குன போனு யாரு பேச்சக் கேக்கணும்? இது மெதுவாத்தான் கேக்கும். ஆனா என் பேச்சத்தான் கேக்கும்."

போனின் பெரிய குறை தூக்கம். விழித்தே இருந்தால் பேட்டரி டீ டைமுக்குள் தீர்ந்துவிடும். அதனால் சும்மா இருக்கும்போது அது தூங்கிவிடும். யாராவது கூப்பிட்டால் எழுந்து மணியடிக்க வேண்டும். சில நேரம் எழும். சில நேரம் எழாது. சில நேரம், கூப்பிட்டவர் சலித்து வைத்த பிறகு எழுந்து சும்மா விழித்துக்கொண்டிருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. என்னைப் பிடித்தார். டீ டைமில் நான் துணிக் குடோனுக்குள் போய் என் பட்டன் போனில் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் சேம்பிள் ரூமில் தூங்கும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எழுந்தால் எடுப்பார்.

"கேக்கா அண்ணாச்சி?"

"கேக்குதுங்க."

"ஏதாவது பேசுங்க. குரலு உடையாம வருதான்னு பாக்கணும்."

எனக்கு என்ன பேசுவது? சுற்றிலும் துணி ரோல்தான். தெரிந்ததைச் சொன்னேன். "எஸ். எம். எல். எக்ஸெல்."

"டபுள் எக்ஸெல்லையும் சொல்லுங்க, அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

சொன்னேன். அடுத்த நாளும் சைஸ்தான். ஒரு வாரம் சைஸையே சொன்னேன். பிறகு ஒருநாள், குடோனில் மழை ஒழுகுகிறது என்று சேர்த்துச் சொன்னேன். அவர் பதில் சொல்ல மாட்டார். குரல் எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். எதிரில் முகம் இல்லை. ரோல் துணி சத்தத்தைக் குடித்துவிடும். என் குரல் எனக்கே கூச்சமாக இல்லை. கணியூரில் எங்கள் மாமன் வீட்டுக் கரும்புக் காட்டைப் பற்றிச் சொன்னேன். என் மனைவி கோபித்தால் எனக்குப் பிடிக்காத குழம்பாகப் பார்த்து வைப்பதைச் சொன்னேன். முதல்முதலாகக் கட்டிங் மிஷினைக் கையில் பிடித்த நாளைச் சொன்னேன். ஒருநாள் இப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது குடோன் கதவில் அவரே வந்து நின்றார்.

"கட்டாயி எவ்வளவோ நேரமாச்சு. யாருட்ட அண்ணாச்சி பேசிட்டிருக்கிய?"

எனக்கு முகம் கொதித்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "கரும்புக் காட்டுல தண்ணி பாய்ச்சுனது வரைக்கும்தான் கேட்டேன். அதுக்குப் பொறவு என்னாச்சு?" என்று கேட்டார்.

இந்த நிலையில்தான் கழுத்து மாறிய கதை நடந்தது. முதலாளி சோமனூருக்குப் போயிருந்தார். பையர் கழுத்து அளவை மாற்றிவிட்டார் என்று அங்கே அவருக்குத் தகவல் வந்தது. கட்டிங்கை நிறுத்தி, புதுப் பேட்டர்ன் போடச் சொல்ல அந்த அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறார். போன் தூங்கிவிட்டது. நான் கறுப்புத் துணி முழுவதையும் பழைய கழுத்தில் வெட்டி முடித்துவிட்டேன்.

முதலாளி நேராக என் டேபிளுக்கு வந்தார். அந்த அம்மா ஓடி வந்து, "அவர ஒண்ணும் சொல்லாதிய, கூப்பிட்டது எனக்குக் கேக்கல, தப்பு என்னுது" என்றார். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அம்மிணி, உன்னையாட்ட பேட்டர்ன் போடறதுக்கு இங்க ஆளில்ல. அது எனக்குத் தெரியும். ஆனா கூப்பிட்டா மணி அடிக்கோணும். ஆயுத பூஜைக்குள்ள ஒரு நாள் நான் கூப்பிடுவேன், எப்பன்னு சொல்ல மாட்டேன். அடிச்சா அந்தப் போனையே வெச்சுக்க. அடிக்கலீன்னா அடுத்த நாளே எல்லாரு மாதிரி ஒரு போன் வாங்கி சிம்ம அதுல போட்டுப்போடோணும். முடியாதுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். என்ன?"

"சரி" என்றார் அந்த அம்மா. முதலாளி போனதும் என்னிடம் திரும்பி, "வேற போன் வாங்க மாட்டேன் அண்ணாச்சி" என்றார். அப்படியென்றால் வேலை போனாலும் போகட்டும் என்று அர்த்தம்.

அதன் பிறகு நாங்கள் டீ குடிக்கவே மறந்தோம். கூப்பிடுவது, எழுவது, எழாதது. எழாத தடவையெல்லாம் அவர் அதைக் கமெண்டாக எழுதி எங்கோ அனுப்புவார். எங்கிருந்தோ ஒருவர், நமக்கு விடியும்போது தூங்கப் போகிற ஊர்க்காரர், பதில் எழுதுவார். "அந்த ஆளுக்கும் இதே போன்தான், அவருக்கும் இதே தூக்கந்தான்" என்று அவருக்கு ஒரே குதூகலம். முதலாளியின் அழைப்பு மட்டும் வரவில்லை. மறந்துவிட்டார் என்று குமாரசாமி சொன்னார். முதலாளி எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜை அன்று காலையில் அந்த அம்மா படியேறி வந்த வேகத்திலேயே தெரிந்தது. தூக்கத்துக்கான திருத்தம் வந்து, அதைப் போனில் ஏற்றிவிட்டார். "இது தேறும் அண்ணாச்சி, மனசு சொல்லுது. பூசை முடிஞ்சதும் டெஸ்ட் பண்ணுவோம்."

மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. ஹால் நடுவில் வாழையிலை விரித்து, என் பெரிய கத்திரி, டேப், பாபின், ஸ்பானர் எல்லாவற்றையும் அடுக்கினோம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை முதலாளி சூடம் காட்டிப் பிரிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. எங்கள் கம்பெனியில் அது கண்டிப்பு. அந்த அம்மா போனைக் கொண்டுவந்து கத்திரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"போனையெல்லாமா வெப்பாங்க?" என்றார் சரசக்கா.

"இது போன் இல்லக்கா, ஆயுதம். நீங்க பொட்டு வைங்க."

சரசக்கா போனுக்கும் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார். முதலாளி வந்து கும்பிட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லாருக்கும் பொரியும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். முதலாளியை நேரிலேயே பார்த்துவிட்டோம், இனி எங்கே கூப்பிடப் போகிறார் என்று அந்த அம்மாவும் நினைத்திருப்பார் போல. பொரியைக் கையில் வைத்துக்கொண்டு குமாரசாமியோடு வாயாடிக்கொண்டிருந்தார்.

அப்போது இலை நடுவிலிருந்து மணி அடித்தது.

பழைய காலத்து மணிச் சத்தம். கத்திரி மேல் பட்டு அதிர்ந்தது. ஒரு விநாடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. அயர்ன் டேபிள் பீகார்க்காரர்தான் முதலில் கை நீட்டினார். "தீதி! போன் உட் கயா!" அக்கா, போன் எழுந்துவிட்டது என்று அவர் பாஷையில் கத்தினார்.

அந்த அம்மாவின் கையிலிருந்த பொரி தரையெங்கும் சிதறியது. "வந்துட்டு!" என்று ஓடினார். சரசக்கா குறுக்கே பாய்ந்து மறித்தார்.

"தொட்டுப்போடாத அம்மிணி! பூசைல வெச்சது!"

"தொடலக்கா, தொடவே மாட்டேன். அடிக்கட்டும்! நல்லா அடிக்கட்டும்! தூக்கத்துலருந்து தானா எந்திரிச்சிட்டு, பாத்தியளா!"

திரையில் யார் பெயர் என்று பார்க்க முடியவில்லை. சரசக்கா வைத்த பொட்டு வழிந்து அதை மூடியிருந்தது. மணி நின்றது. மறுபடி அடித்தது. அவர் இலையைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் நின்றது. உடனே குமாரசாமியின் போன் அடித்தது. அவர் எடுத்துக் கேட்டார். முகம் மாறியது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்ப்பா, அந்த அம்மிணி போன் அடிக்கலீல்ல? ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு" என்றார் முதலாளி.

"அடிச்சிது!" என்று அந்த அம்மா கத்தினார். "ரெண்டு தடவயும் அடிச்சிது! பூசையில இருக்கு, அதான் எடுக்கல."

"அம்மிணி, ஊருக்குள்ள எல்லாரும் கையில போன வெச்சுட்டுதான் சாமி கும்படறாங்க. உன்ற போன் மட்டும் பூசையிலயா? இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்."

"இங்க அத்தன பேரும் கேட்டாவளே!"

"அவங்கெல்லாம் நீ சொன்னா ஆமாம்பாங்க."

அந்த அம்மாவின் முகத்திலிருந்து அந்த வெளிச்சம் போவதைப் பார்த்தேன். கேமரா பச்சையாக எடுத்தபோதுகூட அது போனதில்லை. "அப்ப கட்டிங் அண்ணாச்சிட்ட கேளுங்க" என்றார்.

"அவன் வாயத் தொறந்து பேசுவானா?" என்று முதலாளி சிரித்தார்.

குமாரசாமி போனை என் கையில் கொடுத்தார். ஹால் முழுவதும் என்னைப் பார்த்தது. தொண்டையில் பஞ்சு ஏறியது. போனைக் காதில் வைத்தேன். வாய் தன்னால் ஆரம்பித்தது.

"எஸ். எம். எல்…"

"ஏம்ப்பா, என்னது? சைஸ் சொல்லீட்டிருக்கற?"

பின்னால் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பஞ்சு எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன், குடோனில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

"அடிச்சுதுங்க அண்ணா. என்ற கத்திரிக்குப் பக்கத்துலதான் இருக்குது. அடிச்ச அடியில கத்திரி அதிருச்சுங்க. சரசக்கா பொட்டு வெச்சாங்க. அம்மிணி தொட வந்தாங்க, அக்கா மறிச்சுட்டாங்க. நின்னப்பறம் ரெண்டாவது தடவையும் அடிச்சுதுங்க. இத்தன நாளா குடோன்ல நின்னு நாந்தானுங்க கூப்பிட்டுப் பாத்தேன், எனக்குத் தெரியுமுங்க. நாளைக்குப் பூசை பிரிக்க வாறப்ப நீங்களே எடுத்துப் பாருங்க. அதுவரைக்கும் ஆரும் தொட மாட்டோமுங்க. கறுப்புக் கலர்ல கழுத்து வெட்டுனது நானுங்க, அதுக்காக இந்த அம்மிணிய அனுப்பிப்போடாதீங்க."

குடோனில் அன்று ஆனது போல இதுவும் கட்டாகிவிட்டதோ என்று பயந்தேன்.

"உனக்கு இத்தனை பேச வருமா?" என்றார் முதலாளி. "சரி. காலைல வாரேன்."

மறுநாள் எல்லாரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டோம். முதலாளி சூடம் காட்டினார். கத்திரியைக்கூட எடுக்காமல் முதலில் போனைத்தான் எடுத்தார். சந்தனம் காய்ந்து, ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. திரையைத் தட்டினார். கறுப்பாகவே இருந்தது.

"செத்துப்போச்சாட்ட இருக்குது" என்றார்.

"பேட்டரி தீந்திருக்கும், இருங்க." அந்த அம்மா நகத்தால் மூடியைக் கழற்றி, சாப்பாட்டுப் பையிலிருந்து வேறு பேட்டரியை எடுத்து மாட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எடுக்காத அழைப்பு இரண்டு என்று காட்டியது. நேரமும் சரியாக இருந்தது. பெயர் மட்டும் வேறு.

"ஆரு இது, கமெண்ட்ஸு?"

அந்த அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலாளியின் நம்பரை அவர் அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தார். குமாரசாமி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். முதலாளிக்கும் உதட்டோரம் ஆடியது. ஆனாலும் விடவில்லை.

"சந்தோஷம். இப்ப ஒருக்கா, என்ற கண்ணு முன்னால."

போனை என் கட்டிங் டேபிளில் வைத்தார்கள். அது தூங்கும்வரை காத்திருந்தோம். திரை அணைந்தது. முதலாளி தன் போனில் நம்பரை அழுத்தினார். அவர் போனில் அந்தப் பக்கம் ரிங் போவது எங்களுக்குக் கேட்டது. டேபிளில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ரிங் போனது. இன்னொன்று போனது. அந்த அம்மா ஐடி கார்டு நாடாவை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். சரசக்கா முணுமுணுவென்று எந்தச் சாமியையோ கூப்பிட்டார். நான் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளிச்சம் வந்தது. மணி அடித்தது.

"வந்துட்டு!" என்று ஹால் அதிரும்படி ஒரு குரல் கத்தியது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

அந்த அம்மா போனைத் தொடவில்லை. டேபிள் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"அதான் அடிச்சிருச்சில்ல, எடு அம்மிணி" என்றார் முதலாளி.

"இருங்க மொதலாளி" என்றார் அவர். "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."